மாமியின் மூளைக்குக் காவலிருந்தவர்

மாமியின் மூளையைக் காப்பாற்றுவதற்காகப் பக்கத்து வளவுச் சேவலை விலைக்கு வாங்கி அறுத்த மனிதர் என் மாமா. சேவல் கூவினால் மாமி திடுக்கிட்டு எழும்புவார், எழும்பினால் உடம்பில் ஓமோன் என்கிற சுரப்புநீர் ஏறும், ஏறினால் அது நேரே மூளைக்குப் போகும் என்பது அவருடைய கணக்கு. கறியை மாமி ருசித்துச் சாப்பிட்டார். "என்ன விசேசம்?" என்று கேட்டதற்கு, "சும்மா, ஆசைக்கு" என்றார் மாமா. சேவலை விற்றவர் அந்தக் காசில் இரண்டு சேவல்குஞ்சு வாங்கி வளவில் விட்டார்.

மாமா என்றால் என் உம்மாவின் மூத்த சகோதரன். சாய்ந்தமருதில் மாமியின் வீட்டில் இருந்தார். எங்கள் பக்கம் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேறுவார். அதனால் கலியாணம் முடித்த நாளிலிருந்து மாமா அந்த வீட்டில் ஒரு மரியாதையான விருந்தாளியைப் போலத்தான் நடந்துகொண்டார். எந்தச் சுவருக்கு என்ன நிறம், எந்த யன்னலுக்கு என்ன சீலை என்பதெல்லாம் மாமியின் இலாகா. மாமி வருத்தம் வந்து படுக்கையில் விழுந்த பிறகுதான் அங்கே ஆட்சி மாறியது.

மாமா போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. மாமி இருக்கிறார். காலம் முழுக்க யாருக்காகப் பயந்தாரோ அவரை விட்டுவிட்டுத் தான் முந்திக்கொண்டது மாமாவுக்குத் தெரிந்தால், அந்தச் செய்தியையும் மாமிக்குச் சொல்ல வேண்டாமென்று எங்களிடம் கையெடுத்துக் கேட்டிருப்பார்.

நீர்ப்பாசனக் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எந்த மதகை எப்போது பூட்டுவது என்று பார்த்தே வயதுபோனவர். ஆகையால் உலகத்தில் எந்தப் பிரச்சினை வந்தாலும் அவருக்கு அதில் இரண்டே வகை: திறக்க வேண்டியது, பூட்ட வேண்டியது. மாமியின் வருத்தம் பூட்ட வேண்டிய வகையில் போய் விழுந்தது.

முதலில் மாமிக்கு ஒரு கண் மங்கியது. பிறகு கால் மரத்தது. கண்ணூறு என்று ஓதிப் பார்த்தார்கள், எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். கொழும்பில் தலையைப் படமெடுத்த பிறகுதான் மல்டிபல் ஸ்கிளீரோசிஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புப் படையே புத்தி மாறி, மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளின் மேலுறையைக் கடிக்கிற வருத்தம். டொக்டர் விளக்கியதில் பெரும்பகுதி மாமாவின் காதில் ஏறவில்லை. எழும்பி வரும்போது, "இவவுக்கு என்ன சாப்பாடு குடுக்கப்படாது டொக்டர்?" என்று கேட்டார். டொக்டர் அடுத்த ஆளின் கோப்பைத் திறந்துகொண்டே, சாப்பாட்டில் ஒன்றுமில்லை, ஸ்ட்ரெஸ் மட்டும் கூடாது என்றாராம். அந்த ஒரு சொல்லைத்தான் மாமா கொழும்பிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

கல்முனை டவுனில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. ஆகவே குடும்பத்தின் விஞ்ஞானி நான். போனில் எதையெதையோ பார்த்துவிட்டு மாமா என்னிடம் வருவார்.

"மருமகன், இந்தக் கோர்டிசோல் எங்க ஊறுது?"

"சிறுநீரகத்துக்கு மேல ரெண்டு சுரப்பி இரிக்கி மாமா. அதில."

"ஓடர் குடுக்கிறது ஆரு?"

"மூளை."

"ஓடர் குடுக்கிறதும் மூளை, அடிபடுறதும் மூளையா?"

"அளவா ஊறினா நல்லது மாமா. காலையில எழும்பக்க அது ஏறினாத்தான் நாம நடமாடலாம். கவல நாள்பட்டு, அதுவும் கூடிக்கொண்டே இருந்தா, ஞாபகம் வெக்கிற பகுதி சுருங்கும் எண்டு சொல்றாங்க. இந்த வருத்தக்காரருக்கு அந்த ஓமோன்ட கட்டுப்பாடு கொழம்பியிரிக்கா எண்டும் ஆராய்ச்சி செய்றாங்க. ஆனா..."

"அப்ப மதகப் பூட்டத்தான் வேணும்" என்று மாமா எழும்பிவிட்டார்.

இந்த ஆராய்ச்சியில் 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகுதான் விசயமே இருக்கிறது. மனவழுத்தம் வந்தவர்களுக்கெல்லாம் வருத்தம் கூடுவதில்லை, கூடியவர்களுக்கெல்லாம் மனவழுத்தம் காரணமுமில்லை, இன்னும் ஒன்றும் முடிந்த முடிவில்லை. மாமா எந்த நாளும் அந்த 'ஆனால்' வரைக்கும் இருந்து கேட்டதில்லை.

அவர் முதலில் பூட்டியது பள்ளிவாசலின் லவுட்ஸ்பீக்கரை. ஊரில் யாராவது மௌத்தானால் பள்ளியில் அறிவிப்பார்கள்: இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இத்தனை மணிக்கு நல்லடக்கம். பள்ளியில் நாலு பக்கமும் நாலு குழாய் இருந்தன. அதில் ஒன்று மாமியின் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா நம்பிக்கையாளர் சபையிடம் போனார்.

"என்ட பொஞ்சாதிட மூளைக்கு அது கூடாது. குழாயக் கொஞ்சம் திருப்புங்க."

"மௌத்த அறிவிக்காம மையத்த எப்படி அடக்குற காக்கா?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டார் தலைவர்.

"அறிவிங்க. என்ட வீட்டுக்கு மட்டும் அறிவிக்க வேணாம்."

மாமாவின் நச்சரிப்புத் தாங்காமல் குழாயைக் கடல் பக்கம் திருப்பினார்கள். அதற்குப் பிறகு எங்கள் பகுதி மௌத்துச் செய்திகள் கரைவலைக்காரருக்குத்தான் முதலில் தெரியவந்தன. வலையை அரைகுறையாக விட்டுவிட்டு, "ஆரு காக்கா, ஆரு?" என்று கேட்டுக்கொண்டு அவர்கள் ஊருக்குள் ஓடிவருவார்கள். அடுத்த வீட்டுக்காரர் அவர்கள் சொல்லித்தான் அறிவார்.

மற்ற மூன்று குழாய்களின் சத்தமும் கொஞ்சம் கேட்கும். அதற்கு மாமா கிரைண்டரை வைத்திருந்தார். லவுட்ஸ்பீக்கர் கரகரத்ததும் குசினிக்கு ஓடிப்போய் வெறும் கிரைண்டரைப் போட்டுவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது மாமி கட்டிலில் சாய்ந்து பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மருமகன், காலயில ஒண்டு, இப்ப ஒண்டு. இண்டைக்கு ரெண்டு மையத்து. ஆரு எண்டு தெரியுமா?"

எனக்குத் தெரியும். சொல்வதற்குள் மாமா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கொச்சிக்கா அரச்ச நான்" என்றார்.

"அரச்சத எடுத்து வாங்க பாப்பம்" என்றார் மாமி. மாமா வரவில்லை.

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், சாவுக்குப் பயப்படாத ஓர் ஆளை ஊரில் தேடினால் மாமியைத்தான் காட்டுவார்கள். படுக்கையில் விழும்வரைக்கும் அந்தப் பகுதிப் பெண்களின் மையத்தைக் குளிப்பாட்டியவர் அவர். கூப்பிடுவதற்கு முன்னாலேயே போய் நிற்பார். தண்ணீரின் சூட்டைக் கையில் பார்ப்பார், கபன் துணியை அளந்து கிழிப்பார், குழறி அழுகிற பிள்ளைகளை அதட்டி யாசீன் ஓத இருத்துவார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நல்ல பசியோடு சோறு தின்பார். மாமாவோ மௌத்து வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஆண்களோடு ஆணாக வெளியே கதிரையில் இருந்து, மையத்தைத் தூக்கும்போது கடைசி வரிசையில் நடந்து, மண் போடுகிற நேரத்தில் யாருடனாவது வயலைப்பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார். யாருடைய ஓமோனுக்காக அந்தக் கிரைண்டர் ஓடியது என்பது எனக்கு அப்போதே கொஞ்சம் விளங்கியது.

நாட்டில் சமையல் கேஸ் கிடைக்காத காலத்தில் மாமா பின்வளவில் கல்லடுக்கி விறகு மூட்டினார். "என்னத்துக்கு வெளிய சமைக்கிறீங்க?" என்று மாமி கேட்டதற்கு, "புது முறை. விறகுச் சோறு மூளைக்கு நல்லதாம்" என்றார். பெற்றோல் வரிசையில் நின்று கறுத்துப்போய் வந்ததற்கு, வெயில் உடம்புக்கு நல்லது என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னார். மாமியின் அறையில் நாடு எந்நாளும் சுபிட்சமாக இருந்தது. எந்த அரசாங்கத்துக்கும் இப்படியொரு பேச்சாளர் வாய்த்ததில்லை.

அவரைக் கேலி செய்வது சுலபம். நானும் நிறையச் செய்திருக்கிறேன். ஆனால் மாமிக்கு ஒன்றுவிட்டொரு நாள் ஊசி போட்டவர் அவர்தான். இரத்தத்தைக் கண்டால் மயங்குகிறவர், பிஸ்மில்லாஹ் சொல்லி, கண்ணை ஒருதரம் மூடித் திறந்து, ஊசியைத் தொடையில் ஏற்றுவார். மாமியைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போவார், தலை வாருவார், நகம் வெட்டுவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்படி ஓர் ஆண்பிள்ளையை எங்கள் குடும்பத்தில் நான் வேறு கண்டதில்லை. அவருடைய காவலில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோதும் மாமி பொறுத்துப்போனது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை மாமிக்கு வருத்தம் கடுமையாகத் திரும்பி, இரண்டு காலும் சோர்ந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். கைநரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மாமா போத்தலின் எழுத்தைக் கூட்டி வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன சாமான் இது?"

"ஸ்டீரோயிட் மாமா."

"அப்பிடி எண்டா?"

நான் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். "நம்மட கோர்டிசோல்ட சொந்தக்காரன். அதவிடப் பலமானது."

மாமா போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் ஒரு சொட்டு உள்ள போகாமக் காவலிருந்தன். இவங்க போத்தலோட தொங்க விட்டிரிக்காங்களே!"

கொஞ்ச நாளைக்குப் பலமாகக் கொடுத்தால் அது நரம்பைக் கடிக்கிற படையை அடக்கும் என்று விளக்கினேன். கவலை நாள்பட்டால் அதே ஓமோன் ஊறியும் அந்தப் படை அதன் சொல்லைக் கேட்காமல் விட்டுவிடுகிறது என்றும் ஒரு கருத்து இருக்கிறது, எந்நேரமும் கத்துகிறவருடைய பேச்சு வீட்டில் எடுபடாதே, அதுபோல, என்றேன். மாமா போத்தலில் விழும் சொட்டுகளை எண்ணத் தொடங்கினார். மாமியோ மருந்து ஏறிய உற்சாகத்தில் தூக்கம் போய், முகம் ஊதி, கண் மினுங்க, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு மருமகள் பார்த்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஓமோன் ஏறிய மாமியைப் பார்க்க எங்களுக்கெல்லாம் சந்தோசமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா கிரைண்டரைத் துடைத்துத் தயாராக வைத்தார்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் ஆராய்ச்சிக்காரப் பிள்ளை அறிமுகமானாள். காரைதீவுப் பெண், கொழும்புப் பக்கம் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வருத்தம் உள்ளவர்களின் உமிழ்நீரில் கோர்டிசோல் எவ்வளவு என்று பார்த்து, ஞாபகசக்தியையும் சோதித்து, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று தேடுவது அவளுடைய வேலை. காலையில் கண் விழித்ததும், வாய் கொப்பளிக்க முன்னம், ஒரு சின்னக் குழாயில் துப்ப வேண்டும். அரை மணித்தியாலம் கழித்து இன்னொன்று. மாமி சந்தோசமாகச் சம்மதித்தார். வீட்டுக்குப் புதிதாக ஒரு மனிசி வந்து கதைக்கிறாள் என்பதே அவருக்குப் பெருநாள்.

மாமாவுக்கோ அது பரீட்சை. எங்கள் ஊரில் எந்தச் சோதனையானாலும் பாஸ் எடுக்க வேண்டும், அதுவும் நல்ல பாஸாக எடுக்க வேண்டும். முதல் நாளே மாமியிடம் அமைதியாகப் படுக்கும்படி அவ்வளவு தடவை சொன்னதில் இருவருக்கும் சண்டை மூண்டு, மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார். இந்த நிலையில் மாமியின் துப்பல் பெயிலாகும் என்பது மாமாவுக்கு நிச்சயம். விடியற்காலையில் அவர் குழாய்களை மடியில் கட்டிக்கொண்டு தன் தம்பியின் வீட்டுக்குப் போனார்.

சின்ன மாமாவைப்பற்றிச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகாதவர், கவலை என்பதைக் கேள்விப்படாதவர், கூரை இடிந்து விழுந்தாலும் சாரத்தைச் சரிசெய்துகொண்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பவர். ஊரிலேயே சிறந்த துப்பல் அவருடையதாகத்தான் இருக்கும் என்று மாமா தீர்மானித்திருந்தார். தட்டி எழுப்பித் துப்ப வைத்து, அரை மணித்தியாலம் தூங்கவிடாமல் பக்கத்திலேயே குந்தியிருந்து, திரும்பவும் துப்ப வைத்து, கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

முடிவைச் சொல்லும்படி அந்தப் பிள்ளைக்கு இவர் போனில் எடுத்த கோல்களுக்கு அளவில்லை. கடைசியில் ஒருநாள் என் ஆய்வுகூடத்துக்கே வந்து, இரத்தம் கொடுக்க நின்றவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மருமகன், ஓமோன் சரியான கூட எண்டு அந்தப் புள்ள சொல்லுது."

"மாமிக்கா?"

"தம்பிக்கு."

விசயத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுபஹுத் தொழுகைக்கு முன்னால் எழுப்பப்பட்ட மனிதரின் உடம்பு வேறு என்ன செய்யும்? உண்மையை அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். வெட்கமென்று மறுத்துவிட்டார். அவள் பாவம், மாமிக்கு இவ்வளவு மனவழுத்தம் எங்கிருந்து வருகிறதென்று அறிய, நேரில் வந்து கேள்விகள் கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தாள்.

அவள் வருவதற்கு முன்னால் அது நடந்துவிட்டது. மாமியின் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவர், மௌத்தானார்.

சுனாமியில் வீடு போன பிறகு பாலமுனையில் போய்க் குடியிருந்தவர் அவர். மாமிக்குத் தாயில்லாத குறையைத் தீர்த்தவர். ஒவ்வொரு நாளும் அசர் தொழுகைக்குப் பிறகு தங்கைக்குக் கோல் எடுத்துக் கதைப்பார். அந்த ஒரு மதகைத்தான் மாமாவால் பூட்ட முடியாமலிருந்தது. ஒரு பகல் நேரம் திடீரென நெஞ்சு வலித்து விழுந்தார் என்று மாமாவின் போனுக்குச் செய்தி வந்தது. அன்றைக்கே அடக்கம். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க மாமா. என்ட ஓட்டோவில கூட்டிப் போவம். முகத்தப் பாக்கட்டும்."

"பாத்தா இவ தாங்குவாவா? திரும்பக் கால் விழுந்தா? கண் போனா? நீ பொறுப்பா?"

துக்கம் தாங்காமல் வருத்தம் கூடலாம், கூடாமலும் விடலாம். மாமா அதற்குமேல் கேட்கவில்லை. வயல் விசயமாக மாவடிப்பள்ளிக்குப் போய்வருவதாக மாமியிடம் சொல்லிவிட்டுப் பாலமுனைக்குப் போய் மைனி முறையான அந்த ராத்தாவை அடக்கிவிட்டு வந்தார். மாமி ஆஸ்பத்திரியில் இருப்பதாக அங்கே சொல்லியிருந்தார்.

அவர் திரும்பி வந்தபோது நான் மாமிக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். மாமி அவருடைய காலைப் பார்த்தார். கணுக்கால் வரைக்கும் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. மாவடிப்பள்ளி வயலில் ஏது வெள்ளை மணல்? கடற்கரையோர மையவாடியில்தான் அது இருக்கிறது. "காலக் கழுவிட்டு வாங்க" என்றார் மாமி. அவ்வளவுதான்.

அசருக்குப் பிறகு போன் அடிக்கவில்லை. ராத்தாவின் போன் பழுது என்றார் மாமா. அடுத்த நாளும் பழுது. அதற்கடுத்த நாள் மாமி கேட்கவில்லை. ஏழாம் நாள் பாலமுனையிலிருந்து ராத்தாவின் பெயரில் ஓதிய கத்தத்துச் சோறு வந்தது. மாமா வாசலிலேயே வாங்கி, கோப்பையில் போட்டு, "ஒரு கலியாண வீட்டுச் சோறு" என்று கொண்டுவந்து வைத்தார். மாமி ஒரு பிடி வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். "உப்புக் காணா" என்று கோப்பையை ஒதுக்கிவிட்டார். நான் அப்போது மாமாவை வெறுத்தேன்.

ஆராய்ச்சிக்காரப் பிள்ளை அந்தக் கிழமைக்குள் வந்தாள். மாமி கட்டிலில், மாமா கால்மாட்டில், நான் கதவடியில். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நித்திரை எப்படி, பசி எப்படி, வீடு மாறினீர்களா, யாருடனாவது பெரிய சண்டையா. பிறகு கேட்டாள்:

"கிட்டடியில உங்களுக்கு நெருக்கமான ஆராவது தவறிட்டாங்களா அன்ரி?"

"இல்ல" என்றார் மாமா. "அப்பிடி ஒண்டும் இல்ல. அடுத்த கேள்விக்கு வாங்க மகள்."

"என்னத்தானே கேக்கிறாங்க" என்றார் மாமி. "ஓம் மகள். என்ட ராத்தா மௌத்தாப் போயிட்டா."

அந்தப் பிள்ளையின் பேனை நின்றது. "எப்ப அன்ரி?"

"அத அவருக்கிட்டக் கேளுங்க. அடக்கப் போனவரு அவருதான்."

அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படித்துத் தந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததைக் கேட்டாள்: "அதால உங்களுக்கு எவ்வளவு மனக்கஷ்டம் எண்டு சொல்லேலுமா அன்ரி? கொஞ்சமா, நடுத்தரமா, கடுமையா?"

"எதுக்குக் கேக்கிறீங்க மகள்? ராத்தா போனதுக்கா, எனக்கு ஒளிச்சதுக்கா? ரெண்டும் ஒண்டில்ல."

அவளுடைய ஆராய்ச்சியில் இரண்டாவதற்கு இடமில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருப் பொம்பிளயளயெல்லாம் குளிப்பாட்டினன்" என்றார் மாமி மாமாவைப் பார்த்து. சத்தம் போடவில்லை. "என்ட ராத்தாவ ஆரோ குளிப்பாட்டி அனுப்பிட்டாங்க. என்னால ஏலாதுதான். பக்கத்தில இரிக்க ஏலும்தானே? தண்ணி சூடா எண்டு கையில பாக்க ஏலும்தானே? என்ட மூளையக் காப்பாத்தி எனக்கிட்ட என்னத்த மிச்சம் வெச்சீங்க?"

மாமா மாமியின் கால்மாட்டுப் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"பாலமுனைக்குப் போகணும். இப்பவே."

மாமாதான் தூக்கி என் ஓட்டோவில் வைத்தார். பாலமுனையில் ராத்தாவின் பெண்மக்கள் ஓடிவந்து மாமியைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். மாமி தன் வாழ்நாளில் மற்றவர்களை அதட்டிய அழுகையையெல்லாம் அன்றைக்கு அழுதார். கேட்டுக்கு வெளியே மாமா நின்றார். கொஞ்ச நேரத்தில் யாரும் கூப்பிடாமல் உள்ளே போய், ராத்தா படுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அப்படி ஓர் அறைக்குள் அவர் போனதை நான் முன்னர் கண்டதில்லை.

திரும்பி வரும்போது ஒலுவில் தாண்டியதும் மாமி கேட்டார்: "வேற என்னத்த ஒளிச்சிரிக்கீங்க?"

பக்கத்து வீட்டுக் கிழவி மௌத்து என்றார் மாமா. மாமி இன்னா லில்லாஹி சொன்னார். பள்ளிக்கூடத்தில் கூடப்படித்த கூட்டாளி மௌத்து என்றார். மாமி அழுதார். கட்டாரில் இருக்கிற மகனுக்கு வேலை போய்விட்டது என்றார். மாமி நெஞ்சில் கைவைத்தார். "ஆனாத் திரும்பவும் கெடச்சிட்டுது, போன வருசமே" என்று மாமா அவசரமாகச் சேர்த்தார். தான் அறியாமலே வந்து தான் அறியாமலே போன அந்தக் கஷ்டத்துக்கு என்ன செய்வதென்று மாமிக்குத் தெரியவில்லை. கொஞ்சம் சிரித்தார். நிந்தவூரில் செத்துப்போன ஓர் ஆட்டின் கதை வந்தது. காரைதீவில் சின்ன மாமாவின் துப்பல் கதை வந்தது. அதைக் கேட்டு மாமி சிரித்த சிரிப்பில் ஓட்டோ ஆடியது.

சாய்ந்தமருதில் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

"இன்னும் இரிக்கா?" என்றார் மாமி.

"கொஞ்சம் இரிக்கி."

"நிப்பாட்டாதீங்க மருமகன். ஓடுங்க."

கல்முனை டவுனில் இரண்டு மௌத்தும் ஒரு தலாக்கும் வந்தன. நற்பிட்டிமுனைச் சந்தியில் ஒரு வயல் அரைவிலைக்குப் போனது. மருதமுனையில் தறிச் சத்தம் கேட்கிற இடத்தில் மாமா ஓய்ந்துவிட்டார்.

"முடிஞ்சா?"

"இன்னும் ஒண்டு இரிக்கி." நான் ஓட்டோவை மெதுவாக்கினேன்.

"எனக்குப் பயமா இரிக்கி" என்றார் மாமா.

"என்ன பயம்?"

"நீ மௌத்தாப் போயிடுவாய் எண்டு."

"போவன்தான்" என்றார் மாமி. "நீங்களும் போவீங்க. வேற?"

மாமா யோசித்தார். உண்மையாகவே தேடிப் பார்த்தார்.

"வேற ஒண்டும் இல்ல."

"அப்ப ஓட்டோவத் திருப்புங்க மருமகன். எனக்குப் பசிக்கிது."